மீன் வராத மாவு

“மீன் கிட்டக்கூட வரக்கூடாது. அப்படி ஒரு மாவு பிசைஞ்சு குடு” என்று அனந்தராமன் கேட்டபோது, ராஜலக்ஷ்மி மறுநாள் மாவிளக்குக்காக வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தாள்.

“மீன் பிடிக்கப் போறவா மீன் வரணும்னுதானே மாவு பிசைவா?”

“நான் பிடிக்கப் போறவன் இல்லடி. பிடிக்கற மாதிரி உக்காந்துட்டு வரப் போறவன்.”

“அதுக்கு நம்மாத்துலயே உக்காரலாமே. இருபது வருஷமா அப்படித்தானே உக்காந்திண்டிருக்கேள்.”

வேறு சமயமாக இருந்தால் அனந்தராமன் இதற்குப் பதில் சொல்லியிருப்பார். இப்போது அவருக்கு மனைவியோடு சண்டை போடுகிற வசதி இல்லை.

வயது ஐம்பது. நியூஜெர்சியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் லீட். கையில் ஹெச்-ஒன் விசா. கிரீன் கார்டு வரிசையில் பதிமூன்று வருஷமாக நிற்கிறார். முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையைக் கேட்டால் மயக்கம் வரும். வேலை போனால் அறுபது நாளுக்குள் இன்னொன்று பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். மகள் மானஸாவுக்கு ஹைஸ்கூல் கடைசி வருஷம். இந்த நேரம் பார்த்து, வருஷம் முடிவதற்குள் ஒவ்வொரு டீமிலும் ஒரு தலை உருளும் என்று கம்பெனியில் அறிவித்துவிட்டார்கள். அனந்தராமன் அந்த டீமுக்கு மாற்றலாகி வந்ததே மே மாதத்தில்தான். புது மருமகள் மாதிரி எல்லோருக்கும் நல்லவராக இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை டைரக்டர் ஜம்புநாதன் அவர் மேஜைக்கே வந்தார். ஆபீஸ் முழுக்க அவரை ஜிம் என்றுதான் கூப்பிடும். அனந்தராமனுக்கு மட்டும் வாயில் ‘சார்’ தவிர வேறு எதுவும் வராது.

“சனிக்கிழமை ஃப்ரீயா அனந்தராமன்? கெண்டை பிடிக்கப் போலாம். இலை சிவக்க ஆரம்பிச்சதும் வருஷா வருஷம் டீம்லேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவேன். இந்த வருஷம் நீங்க வாங்க.”

“கட்டாயம் சார்” என்று அனந்தராமன் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன கேட்டார் என்பதே மண்டையில் ஏறியது.

பக்கத்து மேஜை முகிலன் திருநெல்வேலிப் பையன், ஜூனில் சேர்ந்தவன். அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

“சார், டைரக்டர் ஒரு நாள் முழுக்க உங்ககூட தனியா உக்காரணும்னு ஆசைப்படறார். இதுக்கு மேல என்ன சார் வேணும்? நீங்க சேஃப். எங்க நிலைமைதான் டவுட்.”

“எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதேப்பா. நாங்க சாப்பிடறதும் இல்ல.”

“யார் சார் உங்களைப் பிடிக்கச் சொன்னா? அவர் பிடிக்கட்டும், நீங்க கை தட்டுங்க.”

அனந்தராமனுக்கு இது வேதவாக்காகப் பட்டது. ஆனால் வீட்டில் ராஜலக்ஷ்மி வேறு வேதம் வைத்திருந்தாள்.

“புரட்டாசி மூணாவது சனிக்கிழமை. பெருமாள் எடுத்த முதல் அவதாரமே மீன். அவர் மாசத்துல, அவர் கிழமையில, அவருக்கே தூண்டில் போடப் போறேளா?”

“முள்ளே இல்லாம போட்டுடறேன்.”

“உங்க டைரக்டர் பாக்க மாட்டாரா?”

பார்ப்பார். பார்ப்பதென்ன, முள்ளைக் கட்டித் தரப்போகிறவரே அவர்தான். வியாழக்கிழமை ஈமெயிலில் தெளிவாக எழுதியிருந்தார். தூண்டில், முள், நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. இரை மட்டும் அவரவர் கையால் செய்துகொண்டு வர வேண்டும். கெண்டை மாவு தின்னும். ஆக அனந்தராமன் கையில் மிச்சமிருந்த ஒரே சுதந்திரம் மாவுதான்.

ராஜலக்ஷ்மி மேல் ஷெல்ஃபிலிருந்து கட்டிப் பெருங்காய டப்பாவை இறக்கினாள்.

“எங்க பெரியப்பா ஆத்துல பாம்பு வராம இருக்க இதைத்தான் கரைச்சுத் தெளிப்பா. பாம்பே வராதுன்னா மீன் எங்கேர்ந்து வரும்?”

ஒரு முழுக் கட்டியையும் வெந்நீரில் கரைத்து, கோதுமை மாவில் கொட்டிப் பிசைந்தாள். மாடியிலிருந்து மானஸாவின் குரல் வந்தது.

“அம்மா, வாட் இஸ் தட் ஸ்மெல்? டிட் சம்திங் டை?”

“இன்னும் இல்லடி” என்றாள் ராஜலக்ஷ்மி.

சனிக்கிழமை காலை ஜம்புநாதன் வண்டி வாசலில் வந்து நின்றது. அனந்தராமன் மாவை மூன்று ஜிப்லாக் பைக்குள் போட்டிருந்தார். இருந்தாலும் ஃப்ரீவே ஏறுவதற்குள் வண்டி முழுக்கப் பெருங்காயம் பரவிவிட்டது. அவர் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார்.

“ஏதாவது வாசனை வர்றதா சார்?”

“எனக்கா? கோவிட்ல போன மூக்கு இன்னும் திரும்பி வரலை. வீட்ல எழிலரசி ரசம் வெச்சாலும் எனக்கு வெந்நீர்தான்.” ஜம்புநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஏன், வண்டி நாறுதா?”

“இல்ல சார். கமகமன்னு இருக்கு.”

ஏரி ஒரு மணி நேர தூரத்தில் இருந்தது. கரையெங்கும் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஜம்புநாதன் இரண்டு நாற்காலிகளைப் போட்டார், இரண்டு தூண்டில்களை நட்டார், ஒவ்வொன்றின் நுனியிலும், மீன் இழுத்தால் அடிக்க, ஒரு சின்ன மணியைக் கட்டினார். அவருடைய இரை சோளம். ஏலக்காய் எசென்ஸில் ஊறவைத்து, ஏதேதோ பவுடர் தூவி, பொன்போல் வைத்திருந்தார். கல்லணைப் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைவிட வாய்க்கால் கரையில் அதிக நாள் படித்தவர்.

“சார், புரட்டாசி…” என்று அனந்தராமன் மெல்ல ஆரம்பித்தார்.

“நான் மாசம் முழுக்க சைவம். திங்கறதுதானே தப்பு? பிடிக்கறது விளையாட்டு. பிடிச்சு, எடை போட்டு, போட்டோ எடுத்துட்டு, திரும்பத் தண்ணியில விட்டுடுவோம். ஒரு மீனும் சாகாது.”

அனந்தராமனுக்குப் பாதி பாரம் இறங்கியது. பெருமாள் பிழைத்தார். இனி டைரக்டர் நாலு மீன் பிடிக்க வேண்டும், தாம் ஒன்றும் பிடிக்காமல் கை தட்ட வேண்டும், அவ்வளவுதான். நெல்லிக்காய் அளவுக்கு மாவை உருட்டி முள்ளில் குத்தித் தண்ணீரில் போட்டார்.

“எந்தக் கெண்டை உங்களுக்கு வேணும் சார்?” என்று, பேச்சுக்குக் கேட்டார்.

“தாசில்தார்” என்றார் ஜம்புநாதன்.

“சார்?”

“இந்த ஏரியிலேயே பெரியவன். ஒன்பது வருஷமாத் தேடறேன். ரெண்டு தடவை முதுகைக் காட்டினான், அவ்வளவுதான். என்ன மனு குடுத்தாலும் பார்க்க முடியாது. அதனால அந்தப் பேரு.” அனந்தராமன் பக்கம் திரும்பினார். “அனந்தராமன், உங்களை இங்க கூட்டிட்டு வந்ததுக்குக் காரணம் இருக்கு.”

அனந்தராமனின் இதயம் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தது. முகிலன் சொன்னது சரிதான். நல்ல செய்தியை நாலு பேர் எதிரில் சொல்லாமல் தனியாகச் சொல்கிற பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்?

“சொல்லுங்கோ சார்.”

“உங்க விஷயமா மேலிடத்துல பேசினேன். இத்தனை வருஷமா நீங்க வேலை பார்த்ததை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால…”

மணி அடித்தது. ஜம்புநாதனின் மணி இல்லை, அனந்தராமனின் மணி.

“சுத்துங்க, சுத்துங்க” என்று ஜம்புநாதன் எழுந்து கத்தினார். அனந்தராமன் தூண்டில் சக்கரத்தை எந்தப் பக்கம் சுத்துவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சுத்தினார். கடைசியில் வலைக்குள் வந்து விழுந்தது ஒன்பது பவுண்டு கெண்டை. தங்கத்தில் வார்த்த மாதிரி செதில்.

“மன்னிச்சுக்கோப்பா” என்று அனந்தராமன் மீனிடம் சொன்னார். போட்டோவில் அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகமாக இருந்தது.

மீனைத் திரும்ப விட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ஜம்புநாதன் பெருமூச்சு விட்டார்.

“ஏதோ சொல்ல வந்தேளே சார்?”

“அப்புறம் பேசலாம். நீங்க இப்பத்தான் முதல் மீன் பிடிச்சிருக்கீங்க.”

அந்தக் குரலில் சுருதி இறங்கியிருந்தது. அனந்தராமனுக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது வருஷமாக வருகிற மனிதர் சும்மா உட்கார்ந்திருக்க, நேற்று வந்தவன் ஐந்து நிமிஷத்தில் பிடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பெருங்காயம் போதவில்லை. நல்லவேளையாக ராஜலக்ஷ்மி அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சின்ன டப்பாவில் பெருங்காயப் பொடியும் கொடுத்திருந்தாள். ஜம்புநாதன் பாராத நேரத்தில் அதில் பாதியை மாவில் கொட்டிப் பிசைந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இதைத் தாண்டி ஒரு ஜீவனும் வராது என்று நிம்மதியாக வீசினார்.

கால் மணி நேரம் ஒன்றும் மாட்டவில்லை. ஜம்புநாதன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“பாருங்க, வாழ்க்கையில மாற்றம்கறது…”

மணி அடித்தது. பதினோரு பவுண்டு.

அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஜம்புநாதன் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபியை ஊற்றிக்கொடுத்தார். “நான் நேராவே சொல்லிடறேன். திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க…”

மணி அடித்தது. இது பதினான்கு. காபி அனந்தராமனின் பேண்ட்டில் கொட்டியது.

திங்கட்கிழமையிலேர்ந்து என்ன? மேனேஜரா? ‘திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க’ என்று தொடங்குகிற வாக்கியம் கெட்டதாக முடியுமா? ஒரு மனிதர் வாயைத் திறந்து வரம் கொடுக்க வருகிறார், இந்தச் சனியன்கள் வாக்கியத்தின் நடுவில் வந்து தலையைக் கொடுக்கின்றன. அனந்தராமனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மீன்கள்மேல் கோபம் வந்தது. அதுவரை ஜம்புநாதனின் சோளத்தை ஒன்றுகூட மோந்து பார்க்கவில்லை. அவர் தூண்டிலை எடுத்து எடுத்துப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

மாவை அனந்தராமன் கரைக்குப் பின்னால் ஒரு புதரில் வீசி எறிந்தார். “மாவு தீர்ந்துபோச்சு சார்” என்றார்.

“அப்ப என் சோளத்தை எடுத்துக்கங்க.”

அதற்கு அவர் தயாராக இல்லை. டைரக்டரின் இரையிலேயே மீன் மாட்டினால் அதைவிட அவமானம் என்ன? “வேண்டாம் சார். எங்கிட்ட புளியோதரை இருக்கு.”

“புளியோதரையா?”

“அது முள்ளுல நிக்காதே சார், சும்மா பேருக்குத்தான்.”

நின்றது. ராஜலக்ஷ்மியின் புளியோதரை நிற்கும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அது உதிரியாக வந்ததே இல்லை. அதில் புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் வேர்க்கடலையும் எவ்வளவோ, அவ்வளவு பெருங்காயமும் உண்டு என்பது முள்ளைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் அனந்தராமனுக்கு ஞாபகம் வந்தது. தூண்டிலைத் திரும்ப இழுப்பதற்குள் இழுத்துவிட்டது. பதினெட்டு பவுண்டு.

பெருமாள் பிரசாதம் என்றால் மீன் மட்டும் விடுமா என்று ராஜலக்ஷ்மி பிறகு சொன்னாள். அதெல்லாம் பிறகு.

மதியம் இரண்டு மணிக்கு அனந்தராமனின் கணக்கில் ஏழு மீன், ஜம்புநாதனின் கணக்கில் ஒரு பழைய ஷூ. அனந்தராமன் இருப்புக்கொள்ளாமல் எழுந்தார்.

“சார், இடம் ராசியா இருக்கு. நீங்க இங்க உக்காருங்கோ. என் தூண்டிலை நீங்க எடுத்துக்கோங்கோ, உங்களோடதை நான் சும்மா பிடிச்சுக்கறேன்.”

ஜம்புநாதன் மறுக்கவில்லை. மறுக்கிற நிலையில் அவரும் இல்லை. அனந்தராமனின் தூண்டிலில் தம் கையாலேயே புதுச் சோளம் குத்தி, அனந்தராமனின் நாற்காலியில் உட்கார்ந்து, அனந்தராமன் பார்த்த தண்ணீரையே பார்த்தார். அனந்தராமன் ஜம்புநாதனின் தூண்டிலை எடுத்து, அதிலிருந்த சோளம் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார். காலையிலிருந்து கட்டிப் பெருங்காயத்தில் ஊறிய விரல்.

“அனந்தராமன், இனிமேலும் தள்ளிப் போடறதுல அர்த்தம் இல்ல” என்றார் ஜம்புநாதன். “நான் சொல்லப் போறதைக் கேட்டுட்டு நீங்க தைரியமா…”

மணி அடிக்கவில்லை. மணி பிய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. தூண்டில் வில்லாக வளைந்தது. அனந்தராமன் குதிகாலை மண்ணில் ஊன்றியும் ஏரி அவரைத் தன் பக்கம் இழுத்தது. ஜம்புநாதன் ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் தண்ணீருக்கு மேல் ஒரு முதுகு வந்தது. அதைப் பார்த்ததும் ஜம்புநாதனின் பிடி தளர்ந்தது.

“தாசில்தார்” என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

முப்பத்தொரு பவுண்டு. டைரக்டரின் தூண்டிலில், டைரக்டரின் சோளத்தில், டைரக்டர் ஒன்பது வருஷம் காத்திருந்த மீனை அனந்தராமன் பிடித்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒன்றுமே பிடிக்காமல் இருக்கப் பார்த்தவருக்குத் தாசில்தாரே வந்து முடிந்தார்.

மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஜம்புநாதன் வந்து உட்கார்ந்தார். பிறகு அரை மணி நேரம் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அனந்தராமனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மானஸாவின் காலேஜ் கண் முன்னால் வந்தது. அறுபது நாள் வந்தது. ஊரில் மச்சினன் “அமெரிக்கா என்ன ஆச்சு?” என்று கேட்பது வந்தது.

“சார், நான் பண்ணது தப்பு. இனிமே ஜென்மத்துக்கும் தூண்டிலைத் தொட மாட்டேன்.”

ஜம்புநாதன் திடுக்கிட்டுத் திரும்பினார். “அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“இல்ல சார். சத்தியமா.”

“சத்தியமெல்லாம் பண்ணாதீங்க, ப்ளீஸ்.” நாற்காலியை நெருக்கிப் போட்டார். “நிஜத்தைச் சொல்லுங்க. அந்த மாவுல என்ன போட்டீங்க?”

மீன் வரக்கூடாது என்று போட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆசையாகக் கூப்பிட்ட மனிதரிடம், உங்கள் விளையாட்டைக் கெடுக்கத்தான் திட்டம் போட்டு வந்தேன் என்று சொன்னால், இருக்கிற கொஞ்சநஞ்ச வேலையும் இந்தக் கரையிலேயே போய்விடும்.

“அது எங்காத்துப் பக்குவம் சார். சொன்னாலும் வராது. கையில இருக்கு.”

“கையில இருக்கு” என்று ஜம்புநாதன் திருப்பிச் சொன்னார். அனந்தராமனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, ஜம்புநாதன் “ஒரு போன் பண்ணணும்” என்று இறங்கிப் போனார். பத்து நிமிஷம் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பேசினார். நடுவில் இரண்டு தடவை கையை வண்டிப் பக்கம் நீட்டினார். தம் பெயரைத்தான் கொடுக்கிறார் என்பதில் அனந்தராமனுக்குச் சந்தேகமே இல்லை. ராஜலக்ஷ்மிக்கு மெசேஜ் போட்டார்: ‘எல்லாம் போச்சு. தாசில்தாரைப் பிடித்துவிட்டேன்.’

‘எந்த ஊர் தாசில்தார்?’ என்று பதில் வந்தது.

ஜம்புநாதன் வந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது.

“ஆபீஸ்ல ஒரு லிஸ்ட்டுல சின்னத் திருத்தம். அதை விடுங்க. அடுத்த சனிக்கிழமை ஃப்ரீயா?”

“நாலாவது சனிக்கிழமை சார்.”

“அதுக்கு அடுத்ததும் வரணும். ஏரி உறையற வரைக்கும் வரணும்.”

“அப்ப, என் வேலை சார்?”

“அதுக்கென்ன? திங்கட்கிழமை எப்பவும்போல வாங்க. நான் இருக்கற வரைக்கும் உங்களை யாரும் அசைக்க முடியாது. மாவை மட்டும் வீட்ல சொல்லி வெச்சிடுங்க.”

அனந்தராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனசு. எட்டு மீனால் அடித்த அடியைத் தாங்கிக்கொண்டு, தாசில்தாரையும் மன்னித்து, வேலையும் தருகிறார். இத்தனை மீனைப் பிடித்த பிறகும் பிழைப்பு தப்பியது என்றால் அது பெருமாள் போட்ட பிச்சை. அடுத்த வாரம் பெருங்காயத்தை விட்டு, வேறு ஏதாவது நாற்றமாகப் பார்த்துப் பிசையச் சொல்ல வேண்டும், ஒரு மீனும் வராத மாதிரி, என்று முடிவு செய்துகொண்டார்.

வண்டி ஃப்ரீவே ஏறும்போது போன் அடித்தது. டாஷ்போர்டு திரையில் ‘எழிலரசி’ என்று வந்தது. பின்னால் ஒரு டிரக் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்ததால், ஜம்புநாதன் பார்க்காமலேயே பொத்தானைத் தட்டினார். வண்டி முழுக்க அவர் மனைவியின் குரல் கேட்டது.

“என்னங்க, இன்னுமா ஏரியில இருக்கீங்க? வேலையை விட்டுத் தூக்கறவங்களை எப்பவும் மதியத்துக்குள்ள சொல்லி, அழ வெச்சு, வீட்ல கொண்டு விட்டுட்டு வந்துடுவீங்களே, இன்னைக்கு அந்த மனுஷன் உங்களைப் பேசவே விடலையா?”